டெலிவரி ஆயிடுச்சு, டெலிவரி ஆகல

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறொரு கதையை எழுதாமல் இருப்பதற்காகக் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தபோது கிடைத்தது.

எழுத்து ஓடாத நாட்களில் ஆன்லைன் கடைக்குள் போய், பொருள்களுக்குக் கீழே வாங்கியவர்கள் எழுதியிருப்பதைப் படிப்பது என் பழக்கம். வாங்குவது கிடையாது, படிப்பதோடு சரி. ஐந்து நட்சத்திரம் கொடுப்பவர்கள் ‘சூப்பர்’ என்று ஒரே சொல்லில் கிளம்பிவிடுவார்கள். ஒரு நட்சத்திரக்காரர்கள் அப்படியல்ல. அவர்களிடம் ஆரம்பம், திருப்பம், வில்லன் எல்லாம் இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, துணித் தொட்டில் ஒன்றின் கீழே இப்படி ஒருவர் எழுதியிருந்தார்:

‘டெலிவரி ஆயிடுச்சு. டெலிவரி ஆகல.’

ஒரு நட்சத்திரம்.

எழுதியவருக்கு ஏதோ குழப்பம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு உறைத்தது. குழந்தை வந்துவிட்டது, தொட்டில் வரவில்லை. வாய்விட்டுச் சிரித்தேன். கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. இவ்வளவு காலமாக எழுதுகிறேன், நாலு சொல்லில் நான் இவ்வளவு சொன்னதில்லை.

விற்பவர் ஊர் கருங்குழி என்று போட்டிருந்தது. மதுராந்தகத்துக்குச் சற்று முன்னால், ஜி.எஸ்.டி. ரோட்டு மேல். ஒரு மாதம் கழித்து விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். தைப்பவள் பெயர் பிரிசில்லா.* நடந்ததில் பாதியை அவள் சொன்னாள். மீதியில் பாதியை அவள் கணவர் மோசஸ் சொன்னார். மிச்சம் நான் போட்டது. எது எது யாருடையது என்று பிரித்துக் காட்டப்போவதில்லை. காட்டினால் என்னுடையதை மட்டும் நம்பாமல் விட்டுவிடுவீர்கள்.

(* நேரில் ‘அவர்’, ‘நீங்கள்’தான். கதைக்குள் வந்ததும் ‘அவள்’ ஆகிவிட்டாள். மோசஸ் மட்டும் ‘அவர்’ ஆகவே தங்கிவிட்டார். இது என் தவறா தமிழின் தவறா என்று தெரியவில்லை. பிரிசில்லாவிடம் கேட்டேன். ‘தச்சது நல்லா இருந்தா போதும் சார்’ என்றாள்.)

2

இனி ஆரம்பம். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதல் ஆரம்பம்: ‘கடல் அன்று மிகவும் அமைதியாக—’

கருங்குழியில் கடல் இல்லை. கதை கடலுக்குப் போய்ச் சேர இன்னும் சில பக்கங்கள் ஆகும். அதுவரை அது அமைதியாகவே இருந்துகொள்ளட்டும்.

இரண்டாவது: ‘பிரிசில்லாவுக்குக் குழந்தை இல்லை. அதனால்தான் ஊரில் உள்ள குழந்தைகளுக்கெல்லாம் அவள் தொட்டில்—’

இதை எழுதக் கை ரொம்பவே அரித்தது. ஆனால் பிரிசில்லாவுக்கு இரண்டு பெண்கள். ஒருத்தி நர்சிங் படிக்கிறாள், ஒருத்தி பிளஸ் டூ. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசக்கூடியவர்கள். அந்த வீட்டில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வந்தவன் அப்படி ஒரு வரியை எழுத முடியாது.

மூன்றாவதுதான் நின்றது: பிரிசில்லாவின் நட்சத்திரம் இறங்கிக்கொண்டே வந்தது. ஏன் என்றுதான் அவளுக்குப் புரியவில்லை.

3

அதற்கு முன்பு அவள் தாம்பரம் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். விடியும் முன்பே வேன் வரும், இருட்டிய பின் கொண்டுவந்து விடும். இரண்டு பெண்களையும் வெளிச்சத்தில் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில்தான். ஒருநாள் வேண்டாம் என்று விட்டுவிட்டு, ஒரு தையல் மெஷின் வாங்கி வீட்டில் போட்டாள். தங்கை குழந்தைக்குத் தைத்த துணித் தொட்டிலைப் பார்த்து நாலு பேர் கேட்டார்கள். பெரிய பெண் அதைப் படமெடுத்து ஆன்லைன் கடை ஒன்றில் ஏற்றினாள். வியாபாரம் அப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு அதே வேனில் கூட வந்துகொண்டிருந்த, அடுத்த தெரு சின்னப்பொண்ணுவும் வந்து சேர்ந்துகொண்டாள்.

நல்ல தொட்டில். தடித்த காடாத் துணி, வாய் மூடாமல் விரித்துப் பிடிக்க ஒரு கட்டை, மேலே ஸ்பிரிங், சங்கிலி. தைத்து முடித்த ஒவ்வொன்றையும் வீட்டு உத்தரத்தில் மாட்டி, உள்ளே ஒரு சின்ன அரிசி மூட்டையைப் படுக்கவைத்து ஆட்டிப் பார்த்த பிறகுதான் மடிப்பார்கள். சின்னப்பொண்ணு அந்த மூட்டைக்குப் பாட்டுக்கூடப் பாடுவாள்.

அப்படிப்பட்ட தொட்டிலுக்கு ஏன் நட்சத்திரம் இறங்க வேண்டும்?

சாயங்காலம் ஆனால் மோசஸ் கைப்பேசியை எடுத்துவைத்துக்கொண்டு எல்லாவற்றையும் உரக்கப் படிப்பார்.

“தூத்துக்குடி. அஞ்சு ஸ்டாரு. ‘நல்லா கீது, சீக்கிரம் வந்துச்சி.’ அசாம்ல இருந்து ஒருத்தரு, அஞ்சு ஸ்டாரு, இந்தியில என்னமோ எழுதிக்கீறாரு, கூட ஒரு பூ போட்டுக்கீறாரு. மதுராந்தகம்…” மோசஸ் நிறுத்தினார்.

“படிங்க.”

“ஒரு ஸ்டாரு. ‘தொட்டில் ஓகே. ரொம்ப லேட்.’”

“அசாமுக்கு சீக்கிரம் போச்சி, மதுராந்தகத்துக்கு லேட்டா? நடந்தே போலாமே மதுராந்தகத்துக்கு!” என்றாள் சின்னப்பொண்ணு.

பிரிசில்லா மெஷினை நிறுத்திவிட்டு வந்து பழையதை எல்லாம் கீழிருந்து மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தாள். தூரத்தில் இருப்பவர்கள் எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். பக்கத்தில் இருப்பவர்கள்தான் திட்டியிருந்தார்கள். செங்கல்பட்டு திட்டியது, சிங்கப்பெருமாள் கோயில் திட்டியது, மதுராந்தகம் இரண்டு முறை திட்டியிருந்தது.

காரணம் ஆப்தான். வாங்குபவர் ஊர் தூரம் என்றால் ‘பத்து நாளில் வரும்’ என்று காட்டும். எட்டாம் நாளே வந்துவிட்டால் அவருக்குத் தலைகால் புரியாது. பக்கத்து ஊர் என்றால், பக்கம்தானே என்று ‘நாளை மறுநாள் வரும்’ என்று காட்டிவிடும். ஆனால் கருங்குழியில் எடுத்த பார்சல் நேராக மதுராந்தகம் போவதில்லை. வடக்கே செங்கல்பட்டைத் தாண்டி, தாம்பரத்தைத் தாண்டி, சென்னைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு கிடங்குக்குப் போய்ப் படுத்துவிட்டு, அதே ஜி.எஸ்.டி. ரோட்டில் திரும்பி வரவேண்டும்.

“அப்போ நம்ம வூட்டத் தாண்டிதான் திரும்பி மதுராந்தகம் போவுதா?” என்று பிரிசில்லா கேட்டாள்.

“ஆமா. ஆனா கை காட்டினா நிக்காது” என்றார் மோசஸ்.

(இங்கே ஒரு கட்டுரை எழுத இடமிருக்கிறது. ‘மனிதர்கள் வந்த நாளைப் பார்ப்பதில்லை, சொன்ன நாளைத்தான் பார்க்கிறார்கள்’ என்று தொடங்கி ரயில், கல்யாணம், தேர்தல் என்று நீட்டிக்கொண்டே— வேண்டாம். அந்த ஒரு வரியே போதும். தொட்டில் ஒன்றுதான், தையல் ஒன்றுதான். முன்கூட்டிச் சொன்ன தேதி மட்டும்தான் மாறுகிறது. அதைச் சொன்னவர் பிரிசில்லா அல்ல, நட்சத்திரம் மட்டும் பிரிசில்லாவுக்கு.)

4

மோசஸைப் பற்றி ஒரு சந்தேகம்.

முதல் படியில் அவரை முணுமுணுக்கும் கணவராக எழுதியிருந்தேன். ‘பேசாம கம்பெனி வேலைக்கே போயிருக்கலாம், உனக்கு எதுக்கு இந்த—’ என்று ஒரு வசனம்கூட வைத்திருந்தேன். பெண் முன்னேறும் கதையில் கணவன் குறுக்கே நிற்பான் என்பது எழுதுகிறவனுக்குக் கைப்பழக்கம். ஆனால் ஸ்கூல் வேன் ஓட்டிவிட்டு வந்து, கைகால் கழுவிய கையோடு சங்கிலிக்குக் கொக்கி மாட்ட உட்காரும் மனிதரின் வாயில் அது பொருந்தவில்லை. அடித்துவிட்டேன்.

அடித்தபின் வேறொரு சிக்கல். ஆள் ரொம்ப நல்லவராகிவிட்டார். குறை ஏதாவது சொல்லுங்கள் என்று பிரிசில்லாவிடம் கெஞ்சினேன். அவள் யோசிக்கவே இல்லை.

“டைம் சொல்லுவாரு பாருங்க சார், அது ஒண்ணுதான். பத்து நிமிசத்துல வந்துகினே கீறேன்னு சொன்னாருன்னா, இப்போதைக்கு வெங்காயம்கூட அரிய வேணான்னு அர்த்தம்.”

ஆக, சொன்ன கணக்கைக் கேட்டு உண்மைக் கணக்கைக் கண்டுபிடிப்பதில் பிரிசில்லாவுக்குக் கல்யாணமான நாளிலிருந்தே பயிற்சி இருந்தது. ஆப்பையும் அவள் ஒரு மோசஸாக நினைத்துத்தான் அணுகினாள்.

விற்பவர் பக்கத்தில் ‘தயாராக எத்தனை நாள்?’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் ஒன்று என்று இருந்ததை நான்கு ஆக்கினாள். ஆப் அதையும் சேர்த்துக்கொண்டு தேதியைத் தள்ளிக் காட்ட ஆரம்பித்தது. தைப்பதும் அனுப்புவதும் பழைய வேகம்தான். சொல்லும் தேதி மட்டும் தள்ளிப்போனது.

நட்சத்திரம் ஏறியது. ‘சொன்னதுக்கு முன்னாடியே வந்துடுச்சு!!!’ என்று மதுராந்தகமே எழுதியது. ஆனால் ஆர்டர் குறைந்தது. கையில் பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு தொட்டில் தேடுகிறவர்கள் விலையைப் பார்ப்பதற்கு முன்பே தேதியைப் பார்க்கிறார்கள். சீக்கிரம் வரும் என்று காட்டும் வேறு ஏதாவது தொட்டிலை அழுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். இரண்டு வாரத்தில் மெஷின் மேல் போட்ட உறையை எடுக்க வேலையில்லை.

“ஸ்டாரு ஏறுது, ஆர்டரு எறங்குது. வெறும் ஸ்டார வச்சிகினு இன்னா பண்றது? கிறிஸ்மஸுக்கு வாசல்ல மாட்டவா?” என்றாள் சின்னப்பொண்ணு.

கட்டத்தில் மறுபடி ஒன்று. ஆர்டர் வந்தது. நட்சத்திரம் இறங்கியது. போதாததற்கு ஆப்பிலிருந்து எச்சரிக்கை வந்தது. இன்னும் கொஞ்சம் இறங்கினால் உங்கள் பொருள் பின்பக்கங்களுக்குப் போய்விடும். பின்பக்கத்துக்கு யாரும் வருவதில்லை. அப்படியே போய்விட்டால், விடியும் முன் ரோட்டோரம் போய் வேனுக்கு நிற்கவேண்டியதுதான், இரண்டு பேரும்.

திருவிடந்தை ஆர்டர் வந்தது இந்தச் சமயத்தில்தான்.

5

வாங்கியவர் பெயர் ஆனந்தன். கடலோரம், ஈ.சி.ஆர். ரோட்டு மேல் இருக்கும் ஊர் திருவிடந்தை. ஒரே மாவட்டம். ஆகவே ஆப் யோசிக்காமல் வியாழக்கிழமை என்று சொல்லிவிட்டது. வியாழன் போனது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மோசஸ் உரக்கப் படித்தார்.

“டெலிவரி ஆயிடுச்சு. டெலிவரி ஆகல.”

சின்னப்பொண்ணு சிரித்த சிரிப்பில் நூல்கண்டு உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. மோசஸும் சிரித்தார். பிரிசில்லாவும் சிரிக்கத்தான் ஆரம்பித்தாள்.

“அப்போ கொழந்த எங்க தூங்கும்?” என்றாள் திடீரென்று.

பார்சல் எங்கே என்று பார்த்தாள். கிடங்கில். ‘வந்துகொண்டிருக்கிறது’ என்று எழுதியிருந்தது, ஆனால் புதன்கிழமையிலிருந்து அது அங்கேதான் வந்துகொண்டிருந்தது. உதவி எண்ணுக்குப் போன் செய்தாள். ‘உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்’ என்று ஒரு குரல் வருந்தியது. எப்போது வரும் என்றதற்கு மறுபடி வருந்தியது.

சனிக்கிழமை இன்னொரு தொட்டில் தைத்தாள். அரிசி மூட்டையைப் போட்டு ஆட்டினாள். பார்சலில் ஒட்டிய முகவரியின் படம் கைப்பேசியில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அதே புடவையோடு மோசஸின் பைக்கில் ஏறி உட்கார்ந்தாள்.

அவள் எதற்காகப் போனாள் என்பது எனக்கு முக்கியமாக இருந்தது. நட்சத்திரத்துக்காகப் போனாள் என்றால் ஒரு மாதிரிக் கதை. குழந்தைக்காகப் போனாள் என்றால் வேறு மாதிரி. கேட்டேன்.

“ரெண்டும்தான் சார். ஸ்டாருக்குப் போனேன்னு சொன்னா வெக்கமா கீது. கொழந்தைக்குப் போனேன்னு சொன்னா பொய் மாரி கீது” என்றாள்.

எனக்கு இதைவிட நல்ல பதில் போட வரவில்லை. அப்படியே வைத்துவிட்டேன்.

6

“ஒரு மணி நேரம், போய்டலாம்” என்றார் மோசஸ். பிரிசில்லா தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டாள். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், நடுவில் அவருக்கு மட்டும் தெரிந்த ஒரு குறுக்குவழி, அது போய் முடிந்த ஒரு வயல், திரும்பி வந்து மறுபடி திருக்கழுக்குன்றம். மாமல்லபுரத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். வெளியூர் வேன்களுக்கும் இளநீர் வண்டிகளுக்கும் நடுவே நெளிந்து ஈ.சி.ஆரைப் பிடித்தார்கள்.

(இப்போது கடல். வலது கைப்பக்கம், சவுக்குத் தோப்புகளுக்கு நடுவில் விட்டுவிட்டுத் தெரிந்தது. பிரிசில்லா அதைப் பார்க்கவில்லை. மடியில் தொட்டில் கட்டை குத்தாமல் பிடித்துக்கொள்வதிலேயே இருந்தாள்.)

ஆனந்தனைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். முதல் படியில் அவனுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டிருந்தேன். நாய்கூட வைத்திருந்தான். கதவைத் திறந்தவனோ ஈ.சி.ஆர். ரிசார்ட் ஒன்றில் வரவேற்பு மேஜையில் நிற்கிறவன். சட்டைப் பையில் பெயர் பட்டை, கண்ணில் மூன்று நாள் தூக்கம். வந்தவர்களைக் குழந்தை பார்க்க வந்த சொந்தம் என்று நினைத்து, “வாங்க வாங்க” என்று நாற்காலி போட்டான்.

“நாங்க தொட்டில்காரங்கப்பா, கருங்குழி” என்றாள் பிரிசில்லா.

ஆனந்தனின் முகம் மாறிவிட்டது. மோசஸின் உயரத்தை ஒருமுறை பார்த்தான்.

“அண்ணா, அத நான் போடல அண்ணா.”

“நான்தான் போட்டேன்” என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. “இன்னா இப்போ?”

அது கீர்த்தனா. ஆனந்தனின் மனைவி. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இடது கையில் குழந்தை. சிவப்பாக, கோபமாக, கையளவு ஒரு பெண் குழந்தை.

பிரிசில்லா கையிலிருந்த மூட்டையை அவிழ்த்தாள். “சண்டைக்கு வரலம்மா. தொட்டில் கொண்டாந்தோம்.”

முதலில் பதில் சொன்னது குழந்தைதான், உரக்க.

“கீழ வெச்சா கத்துது, கட்டில்ல வெச்சா கத்துது. இந்தக் கை மேலதான் தூங்குவேன்னுது. கை மரத்தே போச்சுக்கா” என்றாள் கீர்த்தனா. குரலில் இருந்த ‘இன்னா இப்போ’ எங்கேயோ போய்விட்டிருந்தது. “டாக்டர் மாசக் கடைசின்னாரு. ஆப்புல வியாழக்கிழமைன்னான். இவ புதன்கிழமையே வந்துட்டா.”

“கொஞ்சம் முன்னாடியே ஆர்டர் போட்டிருக்கலாமேம்மா?”

கீர்த்தனா சமையலறைப் பக்கம் கண்ணைக் காட்டினாள். அங்கே அவள் அம்மா சாரதாம்பாள் வெந்நீர்ப் பானையோடு நின்றுகொண்டிருந்தாள்.

“நான்தான் கூடாதுன்னேன்” என்றாள் சாரதாம்பாள், நிமிர்ந்து. “புள்ள பொறக்கறதுக்கு முன்ன தொட்டில் வாங்குவாங்களா யாராச்சும்? எனக்குத் தெரியாம இவங்க ரெண்டு பேரும் போட்டுக்கீறாங்க.”

பிரிசில்லா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் வியாபாரத்தின் மொத்தச் சிக்கலும் வெந்நீர்ப் பானையோடு எதிரே நின்றது. மிக்ஸியை முன்கூட்டி வாங்கலாம், புடவையை முன்கூட்டி வாங்கலாம். தொட்டிலை மட்டும் யாரும் முன்கூட்டி வாங்குவதில்லை. பிறந்த பிறகு வாங்கும் பொருளுக்கு, பிறந்த அன்றே அவசரம்.

“ஒரு ஸ்டாரு போட்டதுக்கு சாரிக்கா” என்றாள் கீர்த்தனா. “தச்சது நீங்க, எடுத்துட்டு வர்றது வேற ஆளு, தேதி சொல்றது ஆப்பு. எனக்கு யாரு மேல கோவப்படறதுன்னு தெரியல. ஸ்டாரு போடறதுக்கு ஒரே ஒரு எடம்தான் காட்டுது.”

“விடும்மா” என்றார் மோசஸ். “நானே அங்க இருந்தா பாதி ஸ்டாருதான் போட்டிருப்பேன்.”

“எங்க ரிசார்ட்டுக்கும் இதே பேஜாருதான் அண்ணா” என்று ஆனந்தன் தைரியம் வந்து நெருங்கி உட்கார்ந்தான். “போன வாரம் ஒருத்தரு ரெண்டு ஸ்டாரு போட்டாரு. கடல் சத்தம் போடுதாம்.”

எல்லாரும் சிரித்ததில் அந்நியம் விலகியது. மோசஸ் தொட்டில் மாட்ட இடம் தேடினார். ஃபேனுக்குப் பக்கத்தில் வேண்டாம் என்றார். ஜன்னல் பக்கம் வெயில் அடிக்கும் என்றார். கடைசியில் நடையில் ஒரு இரும்புக் குழாய் அகப்பட்டது. தொங்கிப் பார்த்தார், தாங்கியது. சாரதாம்பாளிடம் அரிசி மூட்டை கேட்டு வாங்கிப் படுக்கவைத்து ஆட்டிக் காட்டினார். பிறகுதான் குழந்தை.

குழந்தை இரண்டு முறை சிணுங்கியது. மூன்றாவது ஆட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிட்டது. கீர்த்தனா தன் இடது கையை யாருடையதோ போலப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டாள். அந்த வாரத்தில் அவள் இரண்டு கையாலும் செய்த முதல் வேலை அது.

அப்போது வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. கூரியர்காரர் முனிசாமி.

“ஆனந்தன் வூடு இதுதானே? பார்சல். ஓ.டி.பி. சொல்லுங்க.”

(நம்ப மாட்டீர்கள், தெரியும். உண்மையில் முனிசாமி திங்கட்கிழமைதான் வந்தார். நான்தான் ஒரு நாள் முன்னால் வரவழைத்தேன். ஒரு நாளாவது முந்தி வருவது மதுராந்தகத்துக்கும் அசாமுக்கும் மட்டும்தானா? திருவிடந்தைக்கும் ஒருமுறை நடக்கட்டும்.)

7

கீர்த்தனா அன்றைக்கே ஒன்றை ஐந்தாக மாற்றினாள். பழைய வரியை எடுத்துவிட்டு இப்படி எழுதினாள்: ‘பார்சல் லேட்டுதான். ஆனா தச்ச அக்காவே அண்ணாவோட பைக்ல வந்து, கட்டிக் குடுத்து, பாப்பாவ தூங்க வெச்சிட்டுப் போனாங்க.’ கீழே தூங்கும் குழந்தையின் கால் மட்டும் தெரியும் ஒரு படம்.

ஆயிரக்கணக்கானோர் அதற்குக் கட்டைவிரல் காட்டினார்கள். (நூற்றுக்கணக்கானோர். சரி, நிறையப் பேர்.) நட்சத்திரம் ஏறியது, ஆர்டரும் ஏறியது. இரண்டும் சேர்ந்து ஏறியது அதுதான் முதல் முறை.

கதையை இங்கேதான் முடித்தேன். நல்ல முடிவுதானே? முடித்துவிட்டுப் பேனாவை மூடி, சாப்பிட உட்கார்ந்தபோது பிரிசில்லாவிடமிருந்து போன்.

“சார், வாணியம்பாடில இருந்து ஒரு ரெவ்யூ வந்துக்கீது. படிக்கட்டா?”

“படிங்க.”

“‘தொட்டில் நன்றாக உள்ளது. சொன்ன தேதிக்கு முன்பே வந்தது. அக்கா வரவில்லை.’ ரெண்டு ஸ்டாரு.”

பின்னால் சின்னப்பொண்ணு உருண்டு புரண்டு சிரிக்கும் சத்தம் கேட்டது. என் சோறு ஆறிப்போனது. முடிவை அடித்தேன்.

8

அதன் பிறகு கோவையிலிருந்து ஒருவர், ‘எங்க வீட்டுக்கு எப்ப வருவீங்க, சாப்பாடு ரெடி பண்ணணும்’ என்று கேட்டார். ஒரு பாட்டி தாலாட்டும் பாடுவீர்களா என்று கேட்டிருந்தார். பிரிசில்லா முதலில் சிரித்தாள், பிறகு கவலைப்பட்டாள், பிறகு கோபப்பட்டாள். வருவேன் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் கீர்த்தனாவின் வரிகளைப் படித்த எல்லாருக்கும் அவள் சொன்னது போலவே ஆகிவிட்டது.

ஒருநாள் சாயங்காலம் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். இனி தேதியை ஆப் மட்டும் சொல்ல வேண்டாம், நாமும் ஒன்று சொல்லுவோம் என்றாள் பிரிசில்லா. பொருளைப் பற்றி எழுதும் இடத்தில், துணியின் அளவுக்கும் ஸ்பிரிங்குக்கும் மேலே, அவள் சொல்லச் சொல்ல மோசஸ் தட்டினார்:

‘டாக்டர் சொல்ற தேதிக்கு புள்ளைங்க வராது. ஆப் சொல்ற தேதிக்கு பார்சல் வராது. அதனால ஏழாம் மாசமே ஆர்டர் போட்டு வெச்சிடுங்க. நாங்க நேர்ல வரமாட்டோம்.’

“ஏழாம் மாசமா?” என்றார் மோசஸ். “அந்தத் திருவிடந்தை அம்மா வெந்நிய எடுத்து நம்ம மேலயே ஊத்தும். பொறக்கறதுக்கு முன்ன எவ வாங்க வுடுவா?”

சின்னப்பொண்ணு பல்லால் நூலைக் கடித்து அறுத்தபடி தலையைத் தூக்கினாள்.

“பிரிக்காதீங்கன்னு எழுதுங்க.”

“இன்னாது?”

“வாங்கி வெச்சிகினு பிரிக்காம பரண்ல போடட்டும். பிரிக்காத வரைக்கும் அது தொட்டிலா இன்னா? வெறும் பார்சலுதான?”

மோசஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அப்படியே தட்டினார்: ‘பிரிக்காத வரைக்கும் இது வெறும் பார்சல்தான்.’

அது எடுபட்டது. தமிழ்நாட்டின் சாரதாம்பாள்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். ஏழாம் மாதத்து ஆர்டர்களுக்கு அவசரமில்லை. வியாழன் வந்தால் என்ன, சனி வந்தால் என்ன? பரணுக்குத்தானே போகிறது. ‘பிரிச்சோம், பாப்பா தூங்குது’ என்று இரண்டு மாதம் கழித்து வந்து எழுதினார்கள். நட்சத்திரம் எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டி மேலே போய் உட்கார்ந்தது. மூன்றாவதாக ஒருத்தியைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறார்கள். அவளும் வேனில் வந்தவள்தான்.

எல்லாரும் அதைப் படிப்பதில்லை என்பதும் உண்மை. மதுராந்தகம் மூன்றாவது முறையும் திட்டியது.

9

முடிவு.

இதை எழுதி எடுத்துக்கொண்டு, படித்துக் காட்டக் கருங்குழிக்குப் போனேன். பிரிசில்லா தைத்துக்கொண்டே கேட்டாள். தன்னைப் பற்றி வரும் இடங்களில் மட்டும் மெஷின் மெதுவாக ஓடியது. மோசஸ் குறுக்குவழி வயலில் முடிந்ததை எடுத்துவிடச் சொன்னார். எடுக்கவில்லை.

படித்து முடிக்கும் நேரத்தில் கைப்பேசி கூப்பிட்டது. தொட்டிலுக்குக் கீழே, வாங்குவதற்கு முன் கேள்வி கேட்கும் இடத்தில், மாமல்லபுரத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள்:

‘அக்கா, ஏழாம் மாசம் வாங்க எங்க வீட்ல விடல. டாக்டர் திங்கட்கிழமைன்னு சொல்லியிருக்காரு. ரெட்டைப் புள்ளைங்க. அதுக்குள்ள வந்துடுமா?’

அன்று வியாழக்கிழமை. ஆப் சனிக்கிழமை என்று காட்டியிருக்கும். பிரிசில்லா எழுதும் பதில் அந்தப் பெண்ணுக்கு மட்டும் போகாது. வருகிற போகிற எல்லார் கண்ணிலும் படும்படி அங்கேயே நிற்கும்.

“வந்துடும்னு போடு” என்றார் மோசஸ். “வரலன்னா நான் கொண்டு போறேன்.”

“திருவிடந்தைக்குப் போன கத பத்தாதா? அப்புறம் ராமேஸ்வரத்துல இருந்து கூப்புடுவாங்க” என்றாள் பிரிசில்லா.

“தெரியாதுன்னு போடு.”

“ரெட்டைப் புள்ளைங்கள வயித்துல வெச்சிகினு கேக்கற பொண்ணுகிட்ட தெரியாதுன்னு எப்டிங்க சொல்றது?”

நான் மனத்துக்குள் மூன்று பதில் எழுதிப் பார்த்தேன். ‘வந்துவிடும்’ என்றால் ஆர்டர் உறுதி, நட்சத்திரம் சந்தேகம். ‘வராது’ என்றால் நட்சத்திரம் பத்திரம், அவள் போய்விடுவாள், அவளுக்கு வேறு தொட்டில் வருமா என்றும் தெரியாது. ‘நாங்களே வருகிறோம்’ என்றால் அது முடிவே இல்லாத கதை. நான் வாங்குகிறவனாக நினைத்துக்கொண்டால் ஒரு பதில் சரியாகப் படுகிறது. தைக்கிறவளாக நினைத்துக்கொண்டால் இன்னொன்று.

பிரிசில்லா கைப்பேசியை என் பக்கம் நீட்டினாள். “நீங்கதான எழுதறவரு. எழுதுங்க சார்.”

இவ்வளவு எழுதிய எனக்கு அந்த ஒரு வரி வரவில்லை. ஆகவே கைப்பேசி இப்போது உங்கள் கையில். எழுதும் இடத்தில் கோடு துடித்துக்கொண்டிருக்கிறது. மாமல்லபுரத்தில் ஒரு பெண் வயிற்றில் கைவைத்தபடி பார்த்துக்கொண்டிருக்கிறாள். ரொம்ப யோசிக்காதீர்கள், டாக்டர் சொன்ன தேதியை நம்ப முடியாது.

நீங்கள் எதை எழுதினாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆர்டர் இன்னும் வரவில்லை, பதிலும் போகவில்லை. சின்னப்பொண்ணு அதற்குள் காடாத் துணியைத் தரையில் விரித்து, ஒன்றுக்கு இரண்டாக அளந்து, வெட்ட ஆரம்பித்துவிட்டாள்.